"லாஸ்ட் எவ்வளவு?" – பாவித்த பொருளும் நமது பேரமும்



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

நமது ஊர் வட்ஸ்அப் குரூப்களிலும் பேஸ்புக்கிலும் பாவித்த பொருட்கள் விற்பனைக்கு வராத நாளில்லை. பிரிட்ஜ், தையல் மெஷின், பிள்ளைத் தொட்டில், சைக்கிள், லெப்டொப், மேசை கதிரை, உயர்தரம் எழுதி முடித்த பிள்ளைகளின் பாஸ் பேப்பர் கட்டு வரை வருகின்றன. இது நல்ல விடயம். ஒரு வீட்டில் தூசு பிடித்துக் கிடப்பது இன்னொரு வீட்டுக்குத் தேவையாக இருக்கிறது. புதிதாக வாங்க வசதியில்லாத குடும்பம் பாதி விலைக்கு வாங்கிக்கொள்கிறது. விற்றவர் கையிலும் நாலு காசு சேர்கிறது.

ஆனால் இப்படி ஒரு பொருளையாவது விற்றுப் பார்த்தவர்களிடம் பேசிப் பாருங்கள். "இனிப் போடவே மாட்டம், சும்மா ஆருக்காவது குடுத்துட்டுப் போகலாம்" என்பார்கள். அந்த அளவுக்கு ஆளை அலுக்க வைத்துவிடுகிறோம்.

பேரம் பேசவே கூடாது என்று சொல்ல இதை எழுதவில்லை. பேரம் நமது சந்தையோடு பிறந்தது. ஜாபிர் (ரழி) அவர்களின் ஒட்டகத்தை நபி (ஸல்) அவர்கள் விலை பேசி வாங்கிய சம்பவம் நம்மில் பலருக்கும் தெரியும். மதீனா வந்து சேர்ந்ததும் பேசிய விலையையும் கொடுத்து, ஒட்டகத்தையும் அவருக்கே திருப்பிக் கொடுத்தார்கள். விற்றவர் பேச்சில் நின்றார். வாங்கியவர் பேசியதற்கும் மேலே கொடுத்தார். அதற்கும் பேரம் என்று பெயர், நமது போன்களில் நடப்பதற்கும் பேரம் என்றுதான் பெயர் வைத்திருக்கிறோம்.

அண்மையில் எங்கள் வீட்டில் ஒரு பிரிட்ஜை விற்பதற்குப் போட்டோம். நாலு பக்கமும் எடுத்த படம், வாங்கிய ஆண்டு, கதவு ரப்பர் மாற்றியது, கீழ்த் தட்டில் இருக்கும் வெடிப்பு, விலை 45,000 ரூபா, எந்தப் பகுதியில் வந்து பார்க்கலாம் என்பது வரை எழுதியிருந்தோம். நேரில் வந்தால் விலை கொஞ்சம் பேசலாம் என்றும் போட்டிருந்தோம். வந்தவற்றை வகை பிரித்தால் இப்படி இருக்கும்.

"இருக்கா?" – இருக்கிறது என்று பதில் போட்டதும் ஆள் மாயம். 

"எவ்வளவு?" – விலை பதிவின் இரண்டாவது வரியிலேயே இருக்கிறது.

"லாஸ்ட் எவ்வளவு?" – பொருளைப் பார்க்கவில்லை, எங்கே இருக்கிறது என்று கேட்கவில்லை, வேலை செய்கிறதா என்றும் கேட்கவில்லை. முதல் கேள்வியே கடைசி விலை.

"20க்குத் தாறீங்களா? இப்பவே கேஷ்." – இந்தக் "கேஷ்" ஏதோ பெரிய சலுகை போலச் சொல்லப்படுகிறது. மற்றவர்கள் எல்லாம் புளியங்கொட்டை கொண்டு வருகிறார்களா என்ன?

"இதெல்லாம் இப்ப 15 கூடப் போகாது." – வாங்கும் எண்ணமே இல்லாத ஒருவர், எல்லோரும் பார்க்கும்படி கமெண்டில் போட்டுவிட்டுப் போகிறார்.

"இன்ஷா அல்லாஹ் பின்னேரம் வாறம், ஆருக்கும் குடுத்துடாதீங்க." – அந்தப் பின்னேரம் வந்தது, அடுத்த நாள் பின்னேரமும் வந்தது, ஆள் வரவில்லை. இதை நம்பி வேறு இரண்டு பேருக்கு இல்லை என்று சொல்லியிருந்தோம்.

கடைசியாக ஒருவர் 42,000 என்று ஒப்புக்கொண்டு பட்டா லொறியோடே வந்தார். பொருளைப் பார்த்தார், பிளக் போட்டுப் பார்த்தார், திருப்திப்பட்டார். தூக்கி ஏற்றும் நேரத்தில், "சேர், கையில 35தான் இருக்கு, லொறிக்கும் குடுக்கணும்" என்றார். லொறிக்கூலி என்று ஒன்று இருப்பது முதல் நாள் பேசும்போது தெரியாதா? வாசலில் வாகனம் நிற்கிறது, தூக்க ஆள் நிற்கிறது, அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது. இந்த நிலையில் விற்பவர் மறுக்க மாட்டார் என்பது கணக்குப் போட்டே செய்யப்படுகிறது.

இவற்றில் எது பேரம்? நேரில் பார்த்து, "கதவு ரப்பர் மாத்தியிருக்கு, கீழ்த் தட்டும் வெடிச்சிருக்கு, 40க்குத் தந்தா இப்பவே எடுக்கிறம்" என்று சொல்லியிருந்தால் அது பேரம். காரணம் இருக்கிறது, விலை இருக்கிறது, எடுப்பேன் என்ற உறுதியும் இருக்கிறது. விற்பவருக்கும் அதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல முடியும். மற்றவை எல்லாம் ஆளை அலைக்கழிப்பது.

சந்தையில் நாம் இப்படி நடப்பதில்லை. ஏன்?

சந்தைக்குப் போகிறவருக்கு ஒரு செலவு இருக்கிறது. வெயிலில் போக வேண்டும், பஸ்ஸுக்கோ பெற்றோலுக்கோ காசு போகும், முகத்துக்கு முகம் பார்த்து விலை கேட்க வேண்டும். கேட்ட விலைக்குக் கடைக்காரர் "சரி, எடுங்க" என்று சொன்ன பிறகு வாங்காமல் நடந்தால் பின்னால் வரும் பேச்சைக் கேட்க வேண்டிவரும். அந்தக் கூச்சம்தான் சந்தைப் பேரத்துக்கு ஒரு ஒழுங்கைக் கொடுத்தது. வாங்காத பொருளுக்கு யாரும் விலை கேட்டுக்கொண்டு நிற்பதில்லை.

போனில் அந்தச் செலவு இல்லை. கட்டிலில் படுத்துக்கொண்டு இருபது பேரிடம் "லாஸ்ட்" கேட்கலாம். பதில் வந்தாலும் வராவிட்டாலும் நமக்கு நட்டமில்லை. ஆனால் செலவு இல்லாமல் போகவில்லை, அது விற்பவர் தலையில் இறங்கியிருக்கிறது. அவர்தான் இருபது பேருக்கும் பதில் எழுத வேண்டும், வேலைக்குப் போகாமல் வீட்டில் காத்திருக்க வேண்டும், வருவேன் என்றவருக்காக வேறு ஆட்களைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

"லாஸ்ட் எவ்வளவு" என்ற கேள்வியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அது விற்பவரைத் தன்னோடு தானே பேரம் பேசச் சொல்வது. வாங்குபவர் ஒரு விலையும் சொல்வதில்லை. விற்பவர் 45ஐ 41 ஆக்கிச் சொன்னால், நேரில் வரும்போது அந்த 41தான் தொடக்க விலை. அங்கிருந்து மீண்டும் கீழே இறக்கம். கடைசி விலை என்று கேட்டு வாங்கிய விலை கடைசி விலையாக ஒருபோதும் இருப்பதில்லை.

இதற்கு விற்பவர்கள் கண்டுபிடித்த மருந்து நமக்குத் தெரியும். 45 எதிர்பார்த்தால் 60 என்று போடுவது. எப்படியும் இறக்கத்தானே போகிறார்கள் என்ற கணக்கு. இதில் யார் மாட்டிக்கொள்கிறார்கள்? பேரம் பேசக் கூச்சப்படுகிறவர்கள். வாயில்லாத ஒரு ராத்தா, வயதான ஒரு வாப்பா, முதல் முறையாக ஒரு பொருள் வாங்க வந்த இளம் பிள்ளை. இவர்கள் போட்ட விலையை நம்பி 60ஐயும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். வாய் உள்ளவர் இறக்கிய காசை வாயில்லாதவர் கட்டுகிறார். உள்ளபடி விலை போட்டவரும் இதில் தோற்றுப்போகிறார், அவருடைய 45க்கு இறங்க இடமில்லை என்பதால் "இறுக்கமான ஆள்" என்ற பெயர்தான் மிச்சம்.

இன்னொரு வசனமும் அடிக்கடி வரும். "நீங்க வாங்கினதே 60க்குத்தானே, இத்தனை வருஷம் பாவிச்சிட்டு 45 கேக்கிறீங்க?"

கேட்பதற்கு நியாயம் போலத்தான் இருக்கும். ஆனால் நாட்டில் நடந்ததை மறந்துவிட்டுக் கேட்கும் கேள்வி இது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாவைச் சுற்றி இருந்தது. மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. இறக்குமதிப் பொருட்களின் விலை எல்லாம் அதோடு ஏறியது. 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானது. 2019இல் 60,000 கொடுத்து வாங்கிய அதே அளவு பிரிட்ஜை இன்று கடையில் அந்த விலைக்குக் கேட்டுப் பாருங்கள். பாவித்த பொருளின் பெறுமதி, அதே பொருளைப் புதிதாக வாங்க இன்று எவ்வளவு வேண்டும், இது இன்னும் எத்தனை வருடம் உழைக்கும் என்ற இரண்டையும் வைத்துத்தான் வரும். பழைய பில்லை வைத்து வராது.

மோட்டார் சைக்கிள் விடயத்தில் இந்தக் கணக்கு நம் எல்லோருக்கும் நன்றாகவே விளங்கியிருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு, பாவித்த பைக்கை வாங்கிய விலையை விடக் கூட்டி விற்றவர்கள் நமது ஊரில் எத்தனை பேர்! அப்போது யாரும் பழைய பில்லைக் காட்டி விலை குறைக்கவில்லை. விற்கும்போது இன்றைய விலை, வாங்கும்போது அன்றைய விலை என்று இரண்டு தராசு வைத்துக்கொள்ள முடியாது.

இனி, நாம் பெரும்பாலும் யோசிக்காத பக்கம். பாவித்த பொருளை யார் விற்கிறார்கள்?

வீட்டில் இடமில்லாமல் விற்பவர்கள் இருக்கிறார்கள். புதிது வாங்கியதால் பழையதை விற்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் மாதக் கடைசியில் வரும் பதிவுகளைக் கவனித்துப் பாருங்கள். தையல் மெஷினை ஒரு சகோதரி விற்கப் போடுகிறார் என்றால், அதில் தைத்துத்தான் அவர் வீடு ஓடியிருக்கும். இன்று அதை விற்கும் அளவுக்கு ஏதோ ஒன்று வந்திருக்கிறது. ஆஸ்பத்திரிச் செலவாக இருக்கலாம், அடகு நகை மூழ்கப் போவதாக இருக்கலாம், வெளிநாடு போகும் மகனின் டிக்கட்டாக இருக்கலாம். படத்தின் கீழே அவர் எழுதுவது "அவசர விற்பனை" என்ற இரண்டு சொல்தான். அந்த இரண்டு சொல்லை எழுதவே அவர் எத்தனை தடவை யோசித்திருப்பார்!

நம்மில் சிலருக்கு அந்த "அவசரம்" என்ற சொல்தான் தூண்டில். அவசரம் என்றால் இறக்கலாம். இரண்டு நாள் விட்டுப் பிடித்தால் இன்னும் இறங்குவார். பாதி விலைக்கு எடுத்து, அடுத்த கிழமை அதே படத்தோடு அதே குரூப்பில் கூடின விலைக்குப் போட்ட சம்பவமும் நடந்திருக்கிறது. அந்தச் சகோதரியும் அதே குரூப்பில்தானே இருக்கிறார்?

பொதுவில் போடும் நக்கல் கமெண்டும் இதே வகைதான். "பழைய இரும்புக்கடைக்குக் குடுங்க" என்று நாம் பகிடியாக எழுதுவோம். அதை அவரின் பிள்ளையின் வகுப்புத் தோழர்கள் வாசிக்கிறார்கள். வகுப்பில் அது எப்படித் திரும்பி வருகிறது என்பது ஆசிரியர்களாகிய எங்களுக்குத் தெரியும். வீட்டுச் சாமான் விற்கிறார்கள் என்ற பேச்சு காதில் விழுந்த பிள்ளை, இடைவேளையில் ஒதுங்கி நிற்பதையும் பார்த்திருக்கிறோம். பொருள் வேண்டாம் என்றால் கடந்து போகலாம். விலை கூட என்றால் இன்பொக்ஸில் சொல்லலாம்.

பெண்கள் தங்கள் இலக்கத்தைப் போட்டு விற்பதில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது. பொருளைப் பற்றி ஒன்றும் கேட்காத அழைப்புகள், இரவு பதினொரு மணிக்கு "இருக்கா?" என்ற மெசேஜ்கள். இதனால் பலர் தெரிந்த ஒருவர் மூலம் விற்கிறார்கள், அவருக்கும் ஒரு பங்கு போகிறது. தன் பொருளைத் தானே விற்க முடியாத நிலையை ஒரு பெண்ணுக்கு ஏற்படுத்துவது ஊருக்கு வெட்கம்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் கொடுக்கல் வாங்கல் பற்றி எழுதும் இடத்தில் ஒரு நுட்பமான வேறுபாட்டைச் சொல்கிறார்கள். ஏழையிடம், பலவீனமானவரிடம் வாங்கும்போது கொஞ்சம் கூடக் கொடுத்து விட்டுக்கொடுப்பது நன்மை. வசதியான வியாபாரியிடம் தெரிந்துகொண்டே கூடுதலாகக் கொடுத்து ஏமாறுவதில் புகழ் ஒன்றும் இல்லை. நாம் தலைகீழாக நடக்கிறோம். கொழும்பில் பெரிய கடையில் ஸ்டிக்கரில் இருக்கும் விலையை ஒரு வார்த்தை பேசாமல் கட்டுகிறோம். ஊரில் தையல் மெஷின் விற்கும் ராத்தாவிடம் 500 ரூபாவுக்கு அரை மணித்தியாலம் மல்லுக்கட்டுகிறோம்.

விற்பவர் பக்கத்திலும் பேச வேண்டியது நிறைய இருக்கிறது. வாங்குபவரை மட்டும் குற்றம் சொன்னால் இந்தப் பதிவு அநியாயமாகிவிடும்.

விலையைப் போடாமல் "இன்பொக்ஸ் வாங்க" என்று எழுதுவது, ஆளைப் பார்த்து விலை சொல்வதற்கு. மூன்று வருடம் முன்பு எடுத்த படத்தைப் போடுவது, கீறல் இருக்கும் பக்கத்தை மறைத்து எடுப்பது, "ஒரு குறையும் இல்ல" என்று சொல்லிவிட்டு பெட்டரி அரை மணித்தியாலம் கூட நிற்காத லெப்டொப்பைக் கட்டிவிடுவது, ஒருவருக்குச் சொல்லி முடித்த விலையை இன்னொருவர் 2,000 கூட்டிக் கேட்டதும் மாற்றுவது. ஒருவர் பேசி முடித்த வியாபாரத்தின் மேல் இன்னொருவர் போய் விலை பேசுவதும் தடுக்கப்பட்டது என்பது மார்க்கம் படித்த எவருக்கும் தெரியும். குரூப்பில் இது பகிரங்கமாக நடக்கிறது.

பேரம் இவ்வளவு கசப்பாகிப் போனதற்கு இந்த மறைப்பும் ஒரு காரணம். ஜோர்ஜ் அகர்லொஃப் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1970இல் பாவித்த கார்ச் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். பொருளின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எல்லாப் பொருளையும் குறையுள்ளது என்று எண்ணியே விலை கேட்கிறார். அந்த விலைக்கு நல்ல பொருள் வைத்திருப்பவர் விற்க மாட்டார், சந்தையை விட்டே போய்விடுகிறார். கடைசியில் குறையுள்ள பொருள் மட்டும் மிஞ்சுகிறது. 2001இல் அவருக்குப் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது, அதற்கு இந்த ஆய்வு முக்கிய காரணம்.

நமது குரூப்களில் நடப்பது இதேதான். ஏமாந்தவர் அடுத்த தடவை எல்லோரிடமும் பாதி விலை கேட்கிறார். நல்ல பொருள் வைத்திருப்பவர் மனம் வெறுத்து விற்காமல் விடுகிறார். பொருளின் குறையைச் சொல்லி விற்கும்படி நமக்குச் சொல்லித் தரப்பட்டிருப்பது ஒரு சந்தை உயிரோடு இருப்பதற்கும் தேவையான விதி.

சரி, என்ன செய்யலாம்? ஊருக்குள் நாமே வைத்துக்கொள்ளக் கூடிய சில ஒழுங்குகளைக் கீழே எழுதுகிறோம். குரூப் அட்மின்மார் விரும்பினால் எடுத்துப் போடலாம்.

விற்பவர்கள்:

1. விலையைப் பதிவிலேயே போடுங்கள். பேசலாமா, பேச முடியாதா என்பதையும் எழுதுங்கள். பேச முடியாது என்று எழுதினால் அதில் நில்லுங்கள்.

2. குறையை முதலில் எழுதுங்கள், குறையுள்ள பக்கத்தையும் படம் எடுங்கள். பிளக் போட்டு ஓடும் ஒரு சின்ன வீடியோ பத்துக் கேள்விகளைக் குறைக்கும்.

3. முதலில் உறுதியாக வந்தவருக்கு ஒரு நேரம் கொடுங்கள். "இன்று மஃரிப் வரை உங்களுக்காக வைத்திருப்போம்" என்று சொன்னால் மஃரிப் வரை வைத்திருங்கள். அதற்குப் பிறகு அடுத்தவருக்குக் கொடுப்பதில் குற்றமில்லை.

4. விற்றதும் பதிவில் "விற்றாகிவிட்டது" என்று போடுங்கள், அல்லது அழித்துவிடுங்கள்.

5. பைக், ஆட்டோ விற்பவர்கள் ஓபன் பேப்பரில் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்க வேண்டாம். பெயர் மாறும் வரை விபத்தோ வழக்கோ வந்தால் பொலிஸ் தேடி வருவது பதிவில் இருக்கும் பெயரைத்தான்.

வாங்குபவர்கள்:

1. பதிவை முழுதாக வாசித்துவிட்டுக் கேளுங்கள்.

2. "லாஸ்ட்" கேட்க வேண்டாம். உங்களால் எவ்வளவு முடியும் என்று நீங்களே ஒரு விலையைச் சொல்லுங்கள். ஏன் அந்த விலை என்றும் சொல்லுங்கள். கையில் அவ்வளவுதான் இருக்கிறது என்றால் அதையே சொல்லுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உண்மையாகச் சொல்லிக் கேட்டவருக்கு இறக்கிக் கொடுத்தவர்கள் நமது ஊரில் நிறையவே இருக்கிறார்கள்.

3. பொருளில் புதிதாக ஒரு குறை தெரிந்தால் தவிர, ஒப்புக்கொண்ட விலையை வாசலில் வைத்து மாற்ற வேண்டாம். லொறிக்கூலியை முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

4. வர முடியாவிட்டால் ஒரு மெசேஜ் போடுங்கள். "இன்ஷா அல்லாஹ்" என்பது வருவேன் என்ற எண்ணத்தோடு சொல்லும் சொல். வராமல் விடுவதற்கு மரியாதையான வழியாக அதை நாம் ஆக்கிவிட்டோம். அல்லாஹ்வின் பெயரை இதற்குள் இழுப்பதை விட "வேண்டாம், வேற எடம் பாத்துட்டம்" என்று நேராகச் சொல்வது எவ்வளவோ மேல். கேட்பவருக்கும் அதில் கோபம் வராது.

5. போன் வாங்கும்போது *#06# அழுத்தி வரும் இலக்கத்தைப் பெட்டியில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொருளைக் காணாமல் முழுக்காசையும் வங்கியில் போட வேண்டாம். காசு வந்ததா என்பதை விற்பவரும் சிலிப்பின் படத்தை நம்பாமல் தன் கணக்கில் பார்த்துக்கொள்ள வேண்டும். முற்பணம் கொடுத்தால், எடுக்காவிட்டால் அது திரும்பக் கிடைக்குமா என்பதை இருவரும் எழுதிக்கொள்ளுங்கள். பாதிச் சண்டைகள் அங்கேதான் தொடங்குகின்றன.

இன்னும் ஒன்று. விலை மிகச் சிறிய பொருளாக இருந்தால், முடிந்தவர்கள் இலவசமாகவே கொடுத்துவிடலாம். பாடப் புத்தகம், பாஸ் பேப்பர், சின்னப் பிள்ளைகளின் உடுப்பு போன்றவை. ஆனால் இலவசமாக எடுப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒருவர் தன் மகளின் உயர்தரப் புத்தகங்கள் எல்லாவற்றையும் சும்மா தருவதாகப் போட்டிருந்தார். வந்த முதல் கேள்வி, "கொண்டு வந்து தருவீங்களா?" இரண்டாவது கேள்வி, "கெமிஸ்ட்ரி மட்டும் எடுக்கலாமா?" மூன்றாமவர், "புதிய சிலபஸ் இல்லையா?" சும்மா கொடுப்பதற்கும் பேரம் பேசும் ஊர் என்று பெயர் எடுக்க வேண்டுமா நாம்?

வணிகப் பாடம் எடுக்கும் பிள்ளைகளுக்குக் கொள்வனவு, விற்பனை, இலாபம், நட்டம் எல்லாம் வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறோம். பேசிய விலையில் நிற்க வேண்டும் என்பதைப் பிள்ளை படிப்பது வீட்டில்தான். வாப்பா வட்ஸ்அப்பில் வொய்ஸ் போட்டு விலை பேசுவதை அது பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறது. "வீட்டில இல்லண்டு சொல்லு" என்று போனைப் பிள்ளையிடம் கொடுப்பதும் நடக்கிறது. நாளைக்கு அந்தப் பிள்ளை நம்மிடமும் அப்படியே பேசும்.

நமது ஊர் சின்ன ஊர். பிரிட்ஜ் விற்றவரும் வாங்கியவரும் அடுத்த ஜும்ஆவில் ஒரே சஃப்பில் நிற்க வேண்டியவர்கள். மூவாயிரம் ரூபா இறக்கி வாங்கிய சந்தோசம் ஒரு கிழமையில் மறந்து போகும். வாசலில் வைத்து விலை மாற்றிய ஆள் என்ற பெயர் அவ்வளவு சீக்கிரம் மறக்காது.

இதில் நாங்கள் விட்டது, கூடச் சொன்னது ஏதும் இருந்தால் கமெண்டில் எழுதுங்கள். விற்று அனுபவப்பட்டவர்கள், வாங்கி ஏமாந்தவர்கள் இரு பக்கமும் எழுதினால் நல்லது. யாருடைய பெயரையும் போட வேண்டாம். ஊர் குரூப் அட்மின்மார்கள் ஒன்றுகூடி இப்படியான நாலு ஒழுங்கைப் பின் பண்ணி வைத்தால் எல்லோருக்கும் பிரயோசனமாக இருக்கும்.

பிரிட்ஜ் விற்றாகிவிட்டது. இனி யாரும் "இருக்கா?" என்று கேட்க வேண்டாம்.